அப்பாவின் கையெழுத்தும் சென்னை ஜி.எச்.சும்

இதை எழுத உட்கார்ந்து மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. இங்கே பஹ்ரைனில் வெள்ளிதான் நமக்கு ஞாயிறு. ஒவ்வொரு வாரமும் நாலு வரி எழுதுவேன், ஊரிலிருந்து ஃபோன் வரும், அப்படியே மூடிவைத்துவிடுவேன். இன்றைக்கு முடித்தே தீருவது என்று காப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வலியசாலை. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு தாண்டி, கிள்ளிப்பாலம் பக்கம். தமிழ் பேசும் தெருக்கள். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து 2004இல் ஐம்பத்தைந்து வயதில் ரிட்டையர் ஆனவர். அவர் கையெழுத்து தெருவில் பிரசித்தம். கோயில் நோட்டீஸ், கல்யாண லக்னப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் "அவரைக் கூப்பிடு" என்பார்கள். நான் பி.காம். படித்தபோது பேரேட்டில் எண்களை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிறுத்தக் கற்றுக்கொண்டது காலேஜில் அல்ல, அவரிடம்தான்.

2008இல் ஒரு நாள் அம்மா ஃபோனில் சொன்னாள். "அப்பாவோட செக்கைத் திருப்பி அனுப்பிட்டாடா. கையெழுத்து ஒத்துப் போகலையாம்." எந்த வங்கி என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் செய்தது தவறு என்றும் சொல்ல மாட்டேன். அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன். இருபது வருட சர்வீஸில் எத்தனை வயசானவர்களின் காசோலையை "கையெழுத்து மாறுபடுகிறது" என்று திருப்பியிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அந்தக் காசோலையைப் பார்த்தேன். முதல் எழுத்து பழையபடி இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி, கடைசி எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது. கை நடுங்குவதை நாங்கள் யாரும் அதுவரை பார்க்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, எழுத்து சுருங்கிக்கொண்டே போவது பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. நடுக்கத்துக்கு முன்னாலேயேகூட வரலாம். கையெழுத்து பார்ப்பதே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அது தெரியவில்லை.

தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். ஆயுர்வேத வைத்தியர்கள் கம்பவாதம் என்பார்கள். இந்த நோயை நவீன மருத்துவத்தில் முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர், 1817இல். ஆறு பேரைப் பற்றிய சின்னக் கட்டுரை. அதிலும் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. அவர் பெயரை நோய்க்கு வைத்தது பிறகு வந்த பாரிஸ் டாக்டர் சார்க்கோ.

அப்பாவுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். லெவோடோபா. முதல் ஐந்தாறு வருடம் அமோகமாக வேலை செய்தது. அப்பா மறுபடியும் காந்தளூர் சிவன் கோயிலுக்கு நடந்து போனார், செக்கில் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் வட்டி கட்டும் காலம் வந்தது. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் நன்றாக இருப்பார். பிறகு திடீரென்று ஸ்விட்சை அணைத்த மாதிரி உறைந்து போவார். மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக நெளியும். அம்மா சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, "ஓடும் நேரம்", "நிற்கும் நேரம்" என்று இரண்டு பத்தி போட்டு எழுதி வைத்திருந்தாள். டெபிட், கிரெடிட் மாதிரி.

இந்த மாத்திரைக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருப்பது தெரியுமா? சின்ன வயதில் தோட்டத்து வேலியில் நாய்க்குரணைக் காயைப் பறித்து அடுத்தவன் சட்டைக்குள் போட்டு அடி வாங்காத திருவனந்தபுரத்துப் பையன் கிடையாது. தமிழ்நாட்டில் பூனைக்காலி என்பார்கள். அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் ஆராய்ச்சி இதழில் எழுதியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர். இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடம். அப்போது இது எந்த நோய்க்கு மருந்து என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமின் என்ற பொருளின் வேலையை ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் காட்டியது 1950களின் கடைசியில். அந்த டோபமின் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வற்றிப் போயிருப்பதை வியன்னாவில் ஹோர்னிகீவிச் கண்டது 1960இல். லெவோடோபாவை வாய் வழியாக அதிக அளவில் கொடுத்து நோயாளிகளை எழுப்பி நடக்கவைத்தவர் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், 1967இல். சென்னையில் வரவு வைத்த பொருள் செலவாக முப்பது வருடம் ஆயிற்று.

(உடனே யாரும் ஊருக்கு ஃபோன் செய்து பூனைக்காலிப் பொடி வாங்கச் சொல்லாதீர்கள். அதில் மருந்தின் அளவு விதைக்கு விதை மாறும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது ஆபத்து.)

2015இல் ஊருக்குப் போயிருந்தபோது டாக்டர் சொன்னார், "மாத்திரையை இனி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆழ்மூளைத் தூண்டல் பற்றி யோசியுங்கள்." டிபிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மண்டையில் துளை போட்டு, மெல்லிய மின்கம்பியை மூளையின் ஆழத்தில் வைத்து, தோலுக்கு அடியிலேயே கம்பியைக் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே ஒரு பாட்டரிப் பெட்டியில் இணைப்பது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் மாதிரி மூளைக்கு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதாள். தம்பி "அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்" என்றான். அப்பா மட்டும் மெல்லிய குரலில் ஒன்று கேட்டார். "இதை முதல்லே யாருடா பண்ணினா? எங்கே பண்ணினா?" கணக்குப் பிரிவில் இருந்தவர் அல்லவா, முந்தைய வவுச்சரைப் பார்க்காமல் எதிலும் ஒப்புதல் போட மாட்டார்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் தேட ஆரம்பித்தேன். பதில் அமெரிக்காவில் இருக்கும் என்று நினைத்தேன். பாதி அங்கேயும் ஐரோப்பாவிலும்தான் இருந்தது. மீதி சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்தது.

மூளைக்குள் ஆழமாக ஓர் இடத்தைக் குறி வைத்து ஊசியை இறக்கும் முறைக்கு ஸ்டீரியோடாக்சி என்று பெயர். நோயாளியின் தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, நீளம், அகலம், உயரம் என மூன்று அளவு வைத்து இடத்தைக் கணக்கிடுவது. மனிதர்களுக்கு இதை முதலில் செய்தவர்கள் பிலடெல்பியாவின் ஸ்பீகல், வைசிஸ் இருவரும், 1947இல். நடுக்கம் உண்டாக்கும் சிறு இடத்தைச் சூடு வைத்தோ வேறு விதமாகவோ அழித்துவிடுவார்கள். 1952இல் இர்விங் கூப்பர் என்ற அமெரிக்க டாக்டர் அறுவையின்போது ஒரு ரத்தக்குழாய் கிழிந்துபோக, வேறு வழியில்லாமல் அதைக் கட்டிவிட்டார். நோயாளி கண் விழித்தபோது நடுக்கம் போயிருந்தது. இப்படி விபத்தும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில், நம்ம ஜி.எச்.சில், 1950இல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி. சீர்காழிக்காரர். இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அவரைச் சுற்றி ஒரு குழு உருவானது. வி. பாலசுப்ரமணியம், எடின்பரோவில் பயின்று வந்த எஸ். கல்யாணராமன், இவர்களோடு டி. எஸ். கனகா. 1960களில் இவர்கள் இந்தச் சட்ட முறை அறுவையை ஜி.எச்.சில் நிறையச் செய்தார்கள். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எதுவும் கிடையாது. மூளையின் அறைகளுக்குள் காற்றையோ சாயத்தையோ செலுத்தி, எக்ஸ்ரே எடுத்து, பென்சிலும் அடிக்கோலும் வைத்து இடத்தைக் கணக்கிட வேண்டும். நோயாளிகள் பெரும்பாலும் காசு கொடுக்க முடியாதவர்கள்.

கனகா 1932இல் பிறந்தவர். 1954இல் எம்.பி.பி.எஸ்., 1963இல் எம்.எஸ்., 1968இல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். நடுவில் 1962 சீனப் போரின்போது ராணுவத்தில் அதிகாரியாகப் பணி. நரம்பியல் அறுவைக்கு வந்த முதல் இந்தியப் பெண், ஆசியாவிலேயே முதல் சிலரில் ஒருவர். கொழும்புத் திட்ட உதவித்தொகையில் ஜப்பான் போய் இந்தத் துறையில் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து, மூளைக்குள் மின்முனையை வைத்து எடுத்துவிடாமல் அங்கேயே நிரந்தரமாக விட்டுவைக்கும் முறையை இந்தியாவில் முதலில் செய்தவர் அவர்தான். ஆழ்மூளைத் தூண்டலை 1975இலேயே அவர் செய்திருப்பதாக மருத்துவ வட்டாரத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். நான் பிறப்பதற்கு நாலு வருடம் முன்னால்!

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெருமையில் கணக்கை ஏற்றி எழுதக் கூடாது. இன்று பார்க்கின்சனுக்குச் செய்யும் டிபிஎஸ் அப்படியே 1975இல் சென்னையில் இருந்தது என்று அர்த்தமில்லை. அது ஒரு முன்னோடி வேலை, அவ்வளவுதான். அதே சென்னைக் குழு, அதே சட்டத்தை வைத்து, கட்டுக்கடங்காத நடத்தை உள்ளவர்களுக்கும் மூளையில் அறுவை செய்து 1970 வாக்கில் கட்டுரைகள் வெளியிட்டது. அவர்களில் குழந்தைகளும் உண்டு. இன்றைய அளவுகோலில் அதை ஏற்க முடியாது, பின்னால் வந்தவர்கள் கண்டித்தும் இருக்கிறார்கள். ஐந்தொகை என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

பிறகு ஏன் இந்த வேலை அடங்கிப்போனது? லெவோடோபா மாத்திரை வந்ததுதான் பெரிய காரணம். 1970களில் உலகம் முழுக்கவே பார்க்கின்சனுக்கு மண்டையைத் திறப்பது குறைந்துவிட்டது. மாத்திரையில் சரியாகும்போது யார் கத்திக்குப் போவார்கள்? மாத்திரையின் பக்கவிளைவுகள் எங்கள் அம்மாவின் சமையலறைத் தாளில் வந்த மாதிரி உலகத்துக்கும் வந்து சேர்ந்தபோதுதான் மறுபடியும் அறுவைப் பக்கம் பார்த்தார்கள்.

அந்தத் திருப்பம் பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்தில் 1987இல் நடந்தது. அலிம் லூயி பெனாபிட் என்ற டாக்டர். சூடு வைக்கும் முன் சரியான இடமா என்று பார்க்க லேசாக மின்சாரம் செலுத்திப் பார்ப்பது வழக்கம். அப்படிச் செலுத்தும்போது நொடிக்கு நூறு துடிப்பை ஒட்டிய வேகத்தில் வைத்தால் நடுக்கம் அப்படியே நின்றுவிடுவதை அவர் கவனித்தார். மின்சாரத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பி வருகிறது. அப்படியானால் எதற்கு அழிக்க வேண்டும்? கம்பியை உள்ளேயே விட்டுவிட்டு மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுத்தால் போதுமே.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சூடு வைப்பது மையில் எழுதிய பதிவு. தப்பானால் அழிக்க முடியாது. இது பென்சில் பதிவு. கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம்.

1990இல் அமெரிக்காவில் மாலன் டிலாங் குழுவினர் குரங்குகளில் ஒன்றைக் காட்டினார்கள். டோபமின் வற்றியதும், சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற பருப்பளவு இடம் அளவுக்கு மீறிக் கத்த ஆரம்பிக்கிறது. அதை அடக்கினால் விறைப்பும் மந்தமும் குறைகின்றன. 1993இல் பெனாபிட் குழு அந்த இடத்தில் கம்பியை வைத்தது. நடுக்கம் மட்டுமல்ல, விறைப்பு, உறைதல் எல்லாமே குறைந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நடுக்கத்துக்கு 1997இலும், பார்க்கின்சனின் மற்ற தொல்லைகளுக்கு 2002இலும் அனுமதி கொடுத்தது. டிலாங், பெனாபிட் இருவருக்கும் 2014இல் லாஸ்கர் விருது.

இந்தியாவில் இந்தப் புது முறை 1990களின் கடைசியில் வந்தது. மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையில் பரேஷ் தோஷி அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். அதையொட்டிய ஆண்டுகளில் நம்ம திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவிலும் இயக்கக் கோளாறுகளுக்கென்றே தனி மையம் உருவானது. அதை வளர்த்தவர் நரம்பியல் மருத்துவர் ஆஷா கிஷோர். பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார்.

ஸ்ரீ சித்ரா பற்றித் திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் கொடுத்த கட்டிடத்தில், 1976இல் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்த இடம். 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் ஆனது. எம். எஸ். வலியத்தான் தலைமையில் குறைந்த விலை இதய வால்வை உள்நாட்டிலேயே செய்து 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அந்தக் கருவி வேலை நடந்த இடம் பூஜப்புரை சாடல்மண்ட் அரண்மனை. மகாராணி சேது லட்சுமி பாய் வாழ்ந்த இடம். சின்ன வயதில் அந்தச் சுவரோரம் சைக்கிளில் போயிருக்கிறேன். உள்ளே வால்வு செய்கிறார்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

ஆக, தம்பி அமெரிக்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொன்ன வைத்தியம் வலியசாலையிலிருந்து கிழக்கே கோட்டை போய் ஒரு பஸ் ஏறினால் வரும் தூரத்தில் இருந்தது.

கதையைச் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மெட்ராஸ் அம்மா பேரு என்ன சொன்னே?" என்றார். "கனகா." கொஞ்ச நேரம் பேசவில்லை. "சேரி. பண்ணிக்கலாம்."

எல்லோருக்கும் செய்ய மாட்டார்கள். ஒரு நாள் இரவு முழுக்க மாத்திரையை நிறுத்தி, காலையில் அசைவை அளந்து, மாத்திரை கொடுத்து மறுபடி அளப்பார்கள். மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும் தொல்லைகளுக்குத்தான் டிபிஎஸ் நன்றாகக் கேட்கும். ஞாபக மறதி கூடிப்போனவர்களுக்கும், வயது மிக அதிகமானவர்களுக்கும் பெரும்பாலும் வேண்டாம் என்றுவிடுவார்கள். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம். கிருமி தொற்றினால் கருவியை எடுக்க வேண்டி வரும். இது நோயைக் குணமாக்காது, வேகத்தைத் தடுக்கவும் செய்யாது. தொல்லையைக் குறைக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே உட்கார வைத்துச் சொன்னார்கள்.

2016இல் அப்பாவுக்கு ஆயிற்று. அறுபத்தேழு வயது. கம்பி வைக்கும்போது விழித்தேதான் இருந்தார். "கையைத் திற, மூடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். மூளைச் செல்களின் சத்தம் ஸ்பீக்கரில் மழை மாதிரிக் கேட்டது என்றார். நான் வராந்தாவில் இருந்தேன். செலவில் பெரும்பங்கு அந்தக் கருவிக்குத்தான். இங்கே ஃபிளாட் வாங்கச் சேர்த்து வைத்திருந்த முன்பணம் அதற்குப் போயிற்று. ஃபிளாட் இன்றுவரை வாங்கவில்லை. அதில் வருத்தமும் இல்லை.

சில வாரம் கழித்து மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சரிசெய்தார்கள். நொடிக்கு 130 துடிப்பு. அன்று அப்பா பேனா கேட்டார். தன் பெயரை எழுதினார். கடைசி எழுத்து முதல் எழுத்தின் அளவே இருந்தது. அந்தத் தாளை லேமினேட் செய்து இங்கே என் மேசையில் வைத்திருக்கிறேன்.

எல்லாம் சுபம் என்று முடித்தால் பொய் சொன்னவன் ஆவேன். அப்பாவின் குரல் முன்பைவிடத் தாழ்ந்துவிட்டது. பாட்டரி தீர்ந்து ஒருமுறை மாற்ற வேண்டி வந்தது, அதுவும் சின்னச் செலவில்லை. இப்போது எழுபதுகளின் பின்பாதியில் இருக்கிறார். நடை மறுபடியும் தளர்கிறது. ஆனால் அந்த அறுவை எங்களுக்கு ஏழெட்டு நல்ல வருடங்களைக் கொடுத்தது. என் பெண்ணுக்கு எண்களை நேராக நிறுத்தச் சொல்லிக்கொடுத்தது அப்பாதான்.

எங்கள் தெருவின் பெயரில் உள்ள "சாலை" வெறும் ரோடு அல்ல. காந்தளூர்ச் சாலை என்பது பழங்காலக் கல்விக்கூடம். 866ஆம் ஆண்டின் பார்த்திவசேகரபுரச் செப்பேட்டில், அங்கே அமைக்கும் சாலைக்குக் காந்தளூரைத்தான் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியிலும் அந்தப் பெயர் வருகிறது. அது வலியசாலையில்தான் இருந்தது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வோம். அப்பா அதில் ரொம்பப் பெருமைப்படுவார். எனக்கு ஆயிரம் வருடப் பெருமையைவிட, ஐம்பது வருடத்துக்கு முன் எக்ஸ்ரேயும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு ஏழை நோயாளி பக்கத்தில் நின்ற ஒரு பெண்தான் பெரிதாகத் தெரிகிறார்.

டாக்டர் கனகா 2018 நவம்பரில் காலமானார். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தடவை ரத்த தானம் செய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றவர் என்பது அப்போது வந்த செய்திகளில்தான் எனக்குத் தெரிந்தது. ஃபோனில் அப்பாவிடம் சொன்னேன். "ஒரு நமஸ்காரம் பண்ணிக்கோ" என்றார்.

கடைசியாக, வங்கிக்காரனாக இரண்டு விஷயம், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு.

ஒன்று. கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியாத வாடிக்கையாளர் பணம் எடுக்க இந்தியாவில் ரிசர்வ் வங்கி வழிமுறை வைத்திருக்கிறது. கட்டைவிரல் ரேகை வைக்கலாம், கால்விரல் ரேகைகூட வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கவுண்டரில் முடியாது என்றால் மேனேஜரைப் பார்த்து இதை எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் கையெழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். பழைய பாஸ்புக், ரேஷன் கார்டு, உங்கள் மார்க் ஷீட்டில் அவர்கள் போட்டது எல்லாம் வீட்டில் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து சுருங்கியிருந்தால் வயசாச்சு என்று விட்டுவிடாமல் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். நான் ஒரு வருடம் தாமதமாகத்தான் பார்த்தேன், அதுவும் ஒரு செக் திரும்பி வந்த பிறகு.

ஃபோன் அடிக்கிறது. அம்மாதான். மீதி அப்புறம்.